தண்ணிக்கும் கரண்டுக்கும் சம்பந்தம் பேசுத பேராண்டிக்கு

வாலே, உக்காரு. பழைய எக்ஸ்பாக்ஸ் 360-க்கு நீயே செம்புல தண்ணி பிளாக் கடைஞ்சு மாட்டப் போறியாம்லா? ஒங்க அம்மா சொன்னா. ரொம்ப சந்தோசம். வீட்ல மனுசங்க விசிறியோட மல்லுக்கட்டுதோம், வெளையாட்டுப் பெட்டிக்குக் குளுகுளு வசதி. செய்யி, இதுவும் புண்ணியந்தான்.

அந்தப் பெட்டிக்கு வசதி தேவைதான், இல்லைங்கல. 2005-ல வந்துச்சு, ரெண்டு வருசத்துக்குள்ள வீட்டுக்கு வீடு மூணு செவப்பு லைட்டு எரிஞ்சு படுத்துச்சு. மைக்ரோசாஃப்ட் 2007 ஜூலையில வாரண்டிய 3 வருசமா நீட்டி, அதுக்குன்னு 100 கோடி டாலருக்கு மேல ஒதுக்குனான். அவ்வளவு பெரிய கம்பெனி முழிச்ச எடத்துல நீ ஒரு செம்புத் துண்டோட போய் நிக்க. ஒன் தைரியம் யாருக்கு வரும்!

நோவு என்னன்னு வெளங்கிக்கிட்டியா? வெறும் சூடு இல்லலே. சூடாகி, ஆறி, மறுபடி சூடாகி, ஆறி, சிப்போட சால்டர் பொட்டு கீறல் விட்டுப் போச்சு. அதுக்கு அப்ப ஒரு கைவைத்தியம் பண்ணுனாங்க: பெட்டிய டவலால சுத்தி ஓட விடுதது. சூட்டுல விழுந்ததுக்கு மேக்கொண்டு சூடு! கொஞ்ச நாள் எந்திரிச்சு நிக்கும், பெறகு ஒரேயடியாப் படுத்துரும். கீறல் விட்ட பெட்டிக்கு நீ கங்கையவே கொண்டாந்து விட்டாலும் உயிர் வராது. நல்லா ஓடுதத வச்சுத்தான் இந்த வெளையாட்டு.

அளவெடுத்தியா? ஜிபியு சிப்புக்கு மேல டிவிடி டிரைவ் படுத்திருக்கும். அதனாலதான் கம்பெனிக்காரன் அதுமேல குள்ள ஹீட்சிங்க் வச்சான். நீ ஒசரமா பிளாக் வெட்டிட்டு வந்தேன்னா மூடி மூடாது. அளவில்லாம வார பயலுகளாலதான் லேத் பட்டறைக்காரன் மாடி வீடு கட்டுதான்.

வெட்டுதது செம்புதான், சரி. சூட்டைக் கடத்துததுல செம்பு 400-ன்னா அலுமினியம் 240-ஐ ஒட்டித்தான் நிக்கும். ஆனா வெல கொறச்சல்னு ரேடியேட்டர மட்டும் அலுமினியத்துல வாங்கிராத. ரெண்டும் ஒரே தண்ணியில கெடந்தா அலுமினியம் அரிச்சுப் போயிரும்.

அடித்தட்டு 2, 3 மில்லி கனம் விட்டு மேல வாய்க்கா வெட்டு. அகலமா ஒண்ணு ரெண்டு வெட்டிட்டு மீசைய முறுக்காத. நெருக்கமா, மெல்லிசா இருந்தாத்தான் தண்ணி செம்பைத் தொடுத பரப்பு கூடும். அதுக்காக ரொம்ப மெல்லிசாக்குனா பம்பு திணறும். தண்ணி வர, போக கால் இன்ச் பி.எஸ்.பி. த்ரெட்டு போடச் சொல்லு. மேல அக்ரிலிக் மூடி, நடுவுல ஓ-ரிங். ஸ்க்ரூவ எதிரெதிர் மூலையா, கொஞ்சங் கொஞ்சமா முறுக்கு. பலத்தைக் காட்டுனேன்னா அக்ரிலிக் விரிசல் விட்டுரும். பலத்தைக் காட்ட வீட்ல குடம் இருக்கு. அடிப்பக்கத்தைக் கண்ணாடி மேல உப்புத்தாள் விரிச்சுத் தேய். மூஞ்சி தெரியணும்னு தேய்க்காத, சமமா இருக்கணும்னு தேய்.

ஒண்ணு சொல்லுதேன் கேளு. தண்ணி சூட்டைக் கொல்லாது, சுமந்துக்கிட்டுத்தான் போவும். 150 வாட் சூட்டுக்கு நிமிசத்துக்கு 1 லிட்டர் ஓடுனா, தண்ணி 2 டிகிரி போல ஏறும். ஏறுனத ரேடியேட்டரும் ஃபேனும் காத்துல எறக்கி விடணும். சின்ன ரேடியேட்டரா வாங்குனா ஃபேன் சத்தமும் போவாது, பம்பு சத்தமும் கூடச் சேந்துக்கிடும். சித்திரையில ரூம்ல 38 டிகிரின்னா தண்ணியும் 38-க்குக் கீழ எறங்காது. பழைய ஃபேனையும் தூரப் போட்டுராத. பிளாக் தொட்ட சிப்பை மட்டுந்தான் குளுத்தும். சுத்தி இருக்க மெமரிக்குக் காத்துதான் கதி.

போரு தண்ணி ஊத்தலாமான்னு கேக்காத. ஆயில் என்ஜின் ஓட்டுன காலத்துல கெணத்துத் தண்ணி உப்பு ஜாக்கெட்டுக்குள்ள படிஞ்சு வழிய அடைக்கும், சுரண்டி எடுப்போம். ஒன் வாய்க்காக்குள்ள சுரண்ட ஊசிதான் நொழையும். டிஸ்டில்டு வாட்டர் வாங்கு, பாசி பிடிக்காம இருக்க மருந்து சேரு. டிஸ்டில்டு கரண்டைக் கடத்தாதுன்னு எனக்குப் பாடம் எடுக்காத. செம்புக்குள்ள சுத்திச் சுத்தி ஓடுனா அதுலயும் அழுக்கும் உலோகமும் கலந்துரும். அப்புறம் நல்லாவே கடத்தும்.

இது ஜெயிச்சதும் பிஎஸ்5 பக்கம் தாவுவ, ஒன் புத்தி தெரியாதா? 2020-ல வந்த அந்தப் பெட்டியில சோனிக்காரன் சிப்பு மேல தடவுத பேஸ்ட்டுக்குப் பதிலா திரவ உலோகம் வச்சிருக்கான், காலியம் சேந்தது. அது அலுமினியத்துல பட்டா அலுமினியம் நொறுங்கும். போர்டுல சிந்துனா ஷார்ட்டு. அங்க கை வைக்குமுன்னே என்கிட்ட வா, வேற நல்ல தொழில் ஏதாவது சொல்லித் தாரேன்.

இம்புட்டும் கேட்டுட்டியே, இப்ப நான் கேக்கேன். பெட்டிக்குள்ள தூசிய என்னைக்காவது தட்டுனியா? காஞ்சு போன பேஸ்ட்டை வழிச்சுட்டுப் புதுசு போட்டியா? ஏன்லே முழிக்க? பாதி சூடு அங்கதான் குடியிருக்கு. சுண்டைக்கா கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்னு ஒன்ன நெனச்சுத்தான் சொல்லி வச்சிருக்காங்க.

மொதல்ல அதைச் செய்யி. அப்பவும் ஆசை அடங்கலைன்னா பிளாக் கடை, வேண்டாங்கல; கைத்தொழில் ஒண்ணு கத்துக்கிட்ட மாதிரி இருக்கும். ஆனா பெட்டியில மாட்டுமுன்னே பம்பு, பிளாக், குழாய் மூணையும் தனியா நியூஸ் பேப்பர் மேல வச்சு ஒரு நாள் முழுக்க ஓட விடு. பேப்பர் காஞ்சிருந்தா மாட்டு. ஒரு சொட்டு நனைஞ்சிருந்தாலும் மாட்டாத. அதுக்கு மேல மாட்டுனேன்னா புதுப் பெட்டிக்குக் காசு கேட்டு இந்தத் திண்ணைப் பக்கம் வந்துராத.