பாராமீட்டர் காவலர்

கட்டட வடிவமைப்பு அலுவலகங்களில் வரைவோர், கணக்கிடுவோர், கெடுவுக்கு முந்தின இரவில் கண்விழிப்போர் எனப் பல வகையினர் உளர். அவருள் மிகக் குறைவாக வரைந்து மிக அதிகமாக அஞ்சப்படுபவர் பாராமீட்டர் காவலர். முகவரி அட்டையில் ‘பிம் மேலாளர்’ என்றிருக்கும்; பிம் என்பது கட்டடத்தைத் தகவல்களோடு கூடிய கணினி மாடலாக அமைக்கும் முறை. லண்டனிலும் துபாயிலும் எழவிருக்கும் கட்டடங்களுக்குச் சென்னையிலோ கோவையிலோ அமர்ந்து மாடல் செய்து தரும் நிறுவனங்களில் இவ்வினம் செழித்து வளர்கிறது.

2000இல் வெளியாகி 2002இல் ஆட்டோடெஸ்க் நிறுவனத்தின் வசம் வந்த, இவர்கள் மாடல் செய்யப் பயன்படுத்தும் ரெவிட் மென்பொருளில் கதவு என்பது வெறும் கோடன்று. அதன் அகலம், பொருள், தீயைத் தாங்கும் நேரம் ஆகிய ஒவ்வொரு விவரமும் பாராமீட்டர் எனப்படும், அவற்றைத் திரட்டிக் காட்டும் அட்டவணை ஷெட்யூல் எனப்படும். அட்டவணையில் ஒரு வரியை நீக்கினால் சுவரிலிருந்த கதவே மறைந்துபோகும் என்பதால், காவலர் கட்டடத்தைப் படத்தில் பார்ப்பதை நெடுநாள் முன்பே விட்டுவிட்டார். ஏழு மாடி மருத்துவமனையும் அவருக்குக் கட்டங்களில் அடங்கியதே.

பல கோப்புகளுக்கும் பொதுவான பாராமீட்டர்கள் ஓர் எளிய உரைக்கோப்பில் வைக்கப்படுகின்றன. கையால் திருத்தலாகாது என்ற எச்சரிக்கை அதன் தலைப்பிலேயே உண்டு. அக்கோப்பை எந்த ஃபோல்டரில் வைத்திருக்கிறார் என்பதைக் காவலர் எளிதில் சொல்வதில்லை, சொன்னாலும் அனுமதி தருவதில்லை. இதற்கு நியாயமும் உண்டு. ஒவ்வொரு பொதுப் பாராமீட்டருக்கும் மென்பொருள் 32 இலக்க அடையாளக் குறியீடு ஒன்றை வழங்குகிறது. புதிதாகச் சேர்ந்த இளைஞர் ஒருவர் அதே பெயரில் இன்னொன்றைத் தாமே உண்டாக்கினால், மனிதக் கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகவும் மென்பொருளுக்கு வெவ்வேறாகவும் தோன்றி, அட்டவணையில் பாதிக் கதவுகளின் தீத்தாங்கு நேரம் வெறுமையாகிவிடும். அப்போது அலுவலகம் முழுவதும் கேட்கும்படி, “தம்பி, இத யாருப்பா கிரியேட் பண்ணது?” என்ற வினா எழுகிறது. விடை அவருக்கு முன்பே தெரியும். ஒரு பொருளைக் கடைசியாகத் திருத்தியவர் யார் என்பதைக் கூட்டுப்பணிக் கோப்பு தானே காட்டிக்கொடுத்துவிடுகிறது.

டைப், இன்ஸ்டன்ஸ் என்னும் பாகுபாடு அவருடைய வேதாந்தம். டைப் பாராமீட்டர் ஒரு வகையைச் சேர்ந்த அனைத்துக்கும் பொது, இன்ஸ்டன்ஸ் பாராமீட்டர் தனித்தனிப் பொருளுக்கு உரியது. ஒரேயொரு கழிப்பறைக் கதவை அகலப்படுத்த நினைத்தவர் டைப்பைத் தொட்டு, அவ்வகைக் கதவு இருந்த இடமெங்கும் அகலத்தை மாற்றிவிடுவது மாதந்தோறும் நிகழ்கிறது; மாதந்தோறும் அதற்கொரு வகுப்பும் நடைபெறுகிறது.

எனினும் அவரை உண்மையில் உருக்குவது ‘கமெண்ட்ஸ்’ என்னும் கட்டம். மென்பொருளோடு பிறந்த இக்கட்டத்தில் எதையும் எழுதலாம் என்பதால் எல்லாரும் எல்லாவற்றையும் எழுதுகிறார்கள். ‘சார்ட்ட கேக்கணும்’ என்று ஆங்கில எழுத்தில் இட்ட குறிப்பு, அட்டவணையோடு சேர்ந்து லண்டன் வாடிக்கையாளரிடம் போய், அது எந்த நிறுவனத்தின் தயாரிப்பு என்று விசாரித்து மின்னஞ்சல் வரும்வரை அங்கேயே இருக்கும். அடுத்த துயரம் எக்செல். மாடலோடு உயிர்த்தொடர்புள்ள அட்டவணையை அரும்பாடுபட்டு அமைத்த பின், மூத்த பொறியாளர் அதை எக்செல்லில் கேட்டு வாங்கி, மஞ்சள் வண்ணமடித்து, பத்து நாள் கழித்துத் திருப்பியனுப்புகிறார்; அதற்குள் மாடலில் சுவர்களே இடம் மாறியிருக்கும்.

இத்தகையவரிடம் கட்டுமானத் தளத்திலிருந்து ஒருவர் தொலைபேசியில் அழைத்து, இரண்டாம் தளத்து மருந்தறைக் கதவு இடப்பக்கம் திறக்குமா வலப்பக்கம் திறக்குமா என்று கேட்டால், அதன் கீல்களின் எண்ணிக்கையையும் பூட்டின் குறியீட்டையும் நொடியில் சொல்லிவிடுவார். திறக்கும் பக்கத்துக்கு ரெவிட் தானாக ஒரு கட்டம் தருவதில்லை. வரைபடத்தைத் திறந்தால் கதவின் வளைகோடு பளிச்சென்று தெரியும். காவலரோ அழைத்தவரைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, புதிய பாராமீட்டருக்கான விண்ணப்பப் படிவத்தைத் திறந்து, அதற்குப் பெயரிடும் கூட்டத்தை வெள்ளிக்கிழமைக்கு அமைக்கிறார்.