டிராக்டரின் பிரேக்கும் ஃபியூஸும்

டிராக்டருக்கு பிரேக் பெடல் இரண்டு: இடது பின்சக்கரத்துக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. வயலில் ஒன்றை மட்டும் மிதித்தால் வண்டி வரப்போரத்தில் சட்டென்று திரும்பும். சாலையில் ஏறும்போது இரண்டையும் கொக்கியால் பூட்ட வேண்டும். பூட்டாமல் ஒன்றை மிதித்தால் அங்கேயும் திரும்பும், பெரும்பாலும் வாய்க்காலை நோக்கி.

குறுவைக்குச் சேறடித்து முடித்ததும் இரு பெடலும் ஒரே ஆழத்தில் பிடிக்கின்றனவா என்று பார்ப்பது முறை. எண்ணெயில் மூழ்கிய பிரேக்கில் சேறு எளிதில் புகாது. பழைய உலர் பிரேக்கில் புகும். புகுந்ததைக் கிறீச்சிட்டு ஊருக்கே சொல்லும். தஞ்சைப் பக்கம் இந்தச் சோதனைக்கு ஆயுத பூஜையன்று நாள் குறித்தாகிவிட்டது. சக்கரத்தடியில் எலுமிச்சை நசுங்கினால் வண்டி நகர்கிறது என்று பொருள். நிற்குமா என்பது பூஜையில் சேராது.

பிளேடு ஃபியூஸில் நிறமே அளவு: சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20. எரிந்தால் அதே நிறத்தைச் செருகிவிட்டு, எலி கடித்த ஒயரைத் தேட வேண்டும். செம்புக் கம்பியைச் சுற்றிவிடும் மரபும் உண்டு. அந்தக் கம்பி லேசில் எரியாது. ஒயரிங் முழுவதும் எரிந்து அதைக் காப்பாற்றிவிடும். வேலையைத் தொடங்குமுன் பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றிவிட வேண்டும். பாட்டு நிற்கும், வேறு நஷ்டமில்லை.