பட்டப்பெயர் இல்லாத பாட்டுடைத் தலைவர்

துலூஸ் நகரத்து அலுவலகம் ஏதாவது ஒன்றில் காலை ஒன்பது மணிக்கு நுழைந்து பாருங்கள். வெண்ணெய் ஊறிப்போன காகிதப் பை ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு ஒருவர் காப்பி மெஷின் பக்கம் நழுவுவார். பையை வைத்துவிட்டு, தனக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லாதவர் போல இருக்கையில் போய் அமர்வார். இன்று அவருக்குப் பிறந்தநாள். பிரான்சில் பிறந்தநாள்காரர்தான் தின்பண்டம் வாங்கிவர வேண்டும்.

யாராவது வந்து, "இன்றைக்கு யாருடைய உபயம்?" என்று கேட்கும்வரை அவர் காத்திருப்பார். கேட்கவில்லை என்றால் இருமுவார்.

பதில் சொல்கிறவர் பாடுதான் திண்டாட்டம். 'பர்த்டே பேபி' என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். பிரான்சில் அப்படி எல்லோரும் சொல்லுகிற ஒற்றைச் சொல் கிடையாது. 'இன்று யாருக்குப் பிறந்தநாளோ அவர்' என்றுதான் இழுக்க வேண்டும். 'விழாவின் ராஜா' என்றும் சொல்வதுண்டு. ராஜாதான் பில் கட்டுகிறார். தப்பித் தவறி 'ஜூபிலேர்' என்று சொல்லிவிடாதீர்கள். அங்கே அது ஐம்பது ஆண்டு பணி முடித்தவருக்கான சொல். கேட்டதும் மனிதர் ஓய்வூதியக் கணக்குப் போட ஆரம்பித்துவிடுவார்.

'பொன் ஃபெத்' என்று வாழ்த்தவும் முடியாது. அது பெயருக்குரிய புனிதரின் நாளில் சொல்வது. தபால்காரர் ஆண்டு இறுதியில் வீடு வீடாகக் கொண்டுவரும் காலண்டரில் எந்த நாள் எந்தப் பெயருக்கு என்று அச்சாகியிருக்கும். செலவில்லாமல் வாழ்த்து வாங்க நம் பிறந்தநாள்காரருக்குப் பிடித்த நாள் அது.

பிறந்தநாளன்று பிற்பகலில் ஓர் உறை மேஜை மேஜையாக ஊர்ந்து வரும். பரிசுக்கான வசூல். கவனக்குறைவால் அது அவர் மேஜைக்கே வந்துவிடும். உள்ளே பார்க்காமல், மிகுந்த கண்ணியத்தோடு, கையில் லேசாக எடை பார்த்துவிட்டு அடுத்தவரிடம் தள்ளுவார். மாலையில் பிளாஸ்டிக் கோப்பையில் நுரைக்கும் மது, கொறிக்க வேர்க்கடலை. அதற்கும் அவர் செலவுதான்.

அந்த நேரம் பார்த்து, பாரிசிலிருந்து மாற்றலாகி வந்தவர் ஒருவர், "காலையில் பான் ஓ ஷொகொலா பிரமாதம்" என்பார். அவ்வளவுதான். துலூஸ் இருக்கும் தென்மேற்குப் பிரான்சில் அந்தச் சாக்லேட் பண்டத்துக்கு 'ஷொகொலாத்தீன்' என்று பெயர். மாற்றிச் சொன்னால் மானப் பிரச்சினை. கச்சேரி களைகட்டும். கேக்கை யாரும் வெட்ட மாட்டார்கள். மெழுகுவத்தி உருகி க்ரீமில் இறங்குவதைப் பிறந்தநாள்காரர் மட்டும் பார்த்துக்கொண்டிருப்பார்.

இதே மனிதரைக் கனடாவின் கெபெக்குக்கு மாற்றிப் பாருங்கள். மொந்ரியாலில் அவருக்கு 'ஃபேத்தே' என்று பட்டம் தயார். விழா எடுக்கப்படுபவர் என்று பொருள். பிரான்சில் கிழவராக்கிய 'ஜூபிலேர்' இங்கே எந்த வயதுக்காரருக்கும் பொருந்தும். 'பொன் ஃபெத்' என்பதே பிறந்தநாள் வாழ்த்து. ஜில் விஞ்ஞோ 1975இல் பாடிய 'ஜான் து பெயி' பாட்டின் மெட்டில் இவர் பெயரைச் செருகி எல்லோரும் பாடுவார்கள். அன்பை யாராவது எதிரே நின்று பாடினால் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் இவர் கூரையை ஆராய்வார்.

பழக்க தோஷத்தில் அங்கேயும் ஒரு பை வாங்கி வந்திருப்பார். மொந்ரியால்காரர் ஒருவர் அதற்குள் கைவிட்டு, "அட, ஷொகொலாத்தீன்!" என்பார். பட்டம், பாட்டு எதற்கும் நெகிழாத மனிதர் எழுந்து போய் அவரைக் கட்டிக்கொள்வார்.