பொறுத்தார் கரி ஆள்வார்

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து அரசைப் பாராட்ட ஆளில்லையே என்பதுதான் என் வருத்தம். அங்கே ஓக்கி என்ற ஊருக்குப் பக்கத்தில் நியூ ஆக்லாண்ட் நிலக்கரிச் சுரங்கம். அதன் மூன்றாம் கட்டத்துக்கு 2007-இல் மனுப் போட்டார்கள். கடைசி அனுமதி 2022 அக்டோபரில் கைக்கு வந்தது. வெறும் 15 வருஷம்! அந்தக் கரி டைனோசர் காலத்துச் சரக்கு; அதன் வயதுக்கு இது தத்கால்.

விவசாயிகள் எதிர்த்தார்கள்; நீதிமன்றங்களும் சும்மா இருக்கவில்லை. நில நீதிமன்றம் 2017-இல் 'வேண்டாம்' என்றது. வழக்கு படிப்படியாக ஏறி, நாட்டின் தலைமை நீதிமன்றத்தையும் தரிசித்துவிட்டு, 2021-இல் கிளம்பிய இடத்துக்கே திரும்பியது. அந்த டிசம்பரில் அதே நில நீதிமன்றம் 'தரலாம்' என்றது.

அதற்குள் பழைய குழியில் கரி தீர்ந்தது. வேலையாட்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். கரித்தூசிக்குப் பயந்த விவசாயிகளுக்கு நல்ல காற்று, தொழிலாளிகளுக்கு நல்ல ஓய்வு. எல்லோருக்கும் ஏதோ ஒன்று கிடைத்ததல்லவா?

2022 ஆகஸ்டில் குத்தகை வந்தது. உடனே தோண்டிவிட முடியுமா? தோண்டும்போது குழியில் ஊறும் தண்ணீருக்குத் தனி உரிமம் வேண்டுமே! ஊற்றுக்கு ஒழுக்கம் கற்பிக்க மேலும் இரண்டு மாதம்.

அந்த ஆண்டில்தான் நிலக்கரி டன் 400 அமெரிக்க டாலரைத் தாண்டியது. சுரங்கக்காரர்கள் தோண்டத் தொடங்கிய 2023-இல் விலை அதில் பாதிக்கும் கீழே. கவலை எதற்கு? நான்காம் கட்டத்துக்கு இன்றே மனுப் போட்டால், அடுத்த விலையேற்றம் முடிந்த மறுநாள் அனுமதி வந்துவிடும்.