பட்டியல்காரர்

பிரிட்டனிலும் அயர்லாந்திலும் குதிரைப் பந்தயம் இரு வகைப்படும். தடை ஏதுமின்றிச் சமதரையில் ஓடுவது ஒன்று. வழியில் அமைந்த தடைகளைத் தாண்டி இரண்டு மைல் முதல் நான்கு மைலுக்கு மேலும் ஓடுவது மற்றொன்று. ‘நேஷனல் ஹன்ட்’ எனப்படும் இந்த இரண்டாம் வகை ஆண்டின் பெரும்பகுதியில் நடந்தாலும், அதன் உண்மையான பருவம் அக்டோபர் மழையில் சூடுபிடித்து ஏப்ரல் இறுதியில் ஓய்வதால், இலையுதிர்காலத்தின் முதல் ஈரத்தோடு ஒருவகை மனிதரும் வெளியே வரத் தொடங்குகிறார். அவர் குதிரை உரிமையாளர் அல்லர், ஜாக்கி அல்லர், பந்தயம் கட்டியே வயிறு வளர்ப்பவரும் அல்லர். பெரும்பாலும் ஓய்வுபெற்ற ஆசிரியராகவோ காப்பீட்டு அலுவலகத்து எழுத்தராகவோ இருப்பார். வரும் பருவத்தில் எந்தெந்தக் குதிரைகளின் மேல் கண் வைத்திருக்க வேண்டும் என்று ஒரு பட்டியல் தயாரிப்பதே வாழ்வின் தலையாய கடமை எனக் கருதும் இவரைப் பட்டியல்காரர் என்று அழைப்பது தகும்.

இவரைப் போன்றவர் சமதரைப் பந்தயத்தில் செழித்து வளர முடியாமைக்குத் தக்க காரணம் உண்டு. அங்கே பெயரெடுத்த ஆண்குதிரை மூன்று நான்கு வயதிலேயே இனவிருத்திப் பண்ணைக்குப் போய்விடும்; அதைப் பற்றி ஆருடம் சொன்னவருக்குத் தம் சொல் பலிக்கும்வரை காத்திருக்க நேரம் கிடைப்பதில்லை. தடைதாண்டும் குதிரைகளிலோ பெரும்பாலானவை காயடிக்கப்பட்டவை. பண்ணையில் அவற்றுக்கு ஒரு வேலையும் இல்லாததால் பத்து, பன்னிரண்டு வயதுவரைகூட ஓடிக்கொண்டே இருக்கும். இந்த ஆண்டு பொய்த்த வாக்கை அடுத்த ஆண்டுக்கும், அதிலும் பொய்த்தால் அதற்கடுத்த ஆண்டுக்கும் தள்ளிவைக்க இடமளிக்கும் துறை வேறெதுவும் இந்த அளவுக்கு இல்லை எனலாம். இவ்வகை ஓட்டத்தின் தொடக்கமாகச் சொல்லப்படுவது 1752-இல் அயர்லாந்தின் கார்க் மாவட்டத்தில், பட்டவன்ட் ஊர்த் தேவாலயத்திலிருந்து டோனரேல் ஊர்த் தேவாலயக் கோபுரத்தைக் குறிவைத்து, இடையில் வந்த வேலி, பள்ளம் அனைத்தையும் தாண்டி இரு கனவான்கள் போட்டிக்கு ஓட்டிய ஓட்டம். அன்று ஓடியவை இரண்டே குதிரைகள் என்பதால் பட்டியலுக்கு வாய்ப்பு ஏற்படவில்லை.

இவரை முதன்முதலில் காணத்தக்க இடம் பெரிய பந்தயத் திடல் அன்று. அயர்லாந்தின் நாட்டுப்புறத்தில், வயல்வெளியில் வேலிகள் அமைத்து, கூலி வாங்காத அமெச்சூர் ஜாக்கிகளைக் கொண்டு நடத்தப்படும் ‘பாயின்ட்-டு-பாயின்ட்’ ஓட்டங்களே இவருக்குத் தாய்வீடு. ஒருமுறைகூட வெல்லாத நான்கு வயதுக் குதிரைகளுக்கென்று அங்கே தனி ஓட்டம் உண்டு. அதில் நன்றாக வென்ற குதிரை சில வாரங்களுக்குள் ஏலத்தில் லட்சக்கணக்கான பவுண்டுக்குக்கூட விலைபோவதுண்டு. அந்த வெற்றிக் குதிரையைப் பட்டியல்காரர் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. ஊரறிந்த குதிரையை எடுத்துச் சொல்ல ஒரு மேதை எதற்கு? அவர் கண் மூன்றாவதாக வந்த குதிரையின் மேல் இருக்கும். அதன் ஜாக்கி கடைசி வரை சவுக்கைத் தொடவில்லை என்பதைத் துளி படிந்த பைனாகுலர் வழியே கண்டுகொண்டு, ஊறிப்போன குறிப்பேட்டில், மழையில் கரையாத பென்சிலால், ‘அவசரப்படுத்தவில்லை, அடுத்த ஆண்டு பார்க்க’ என்று எழுதி, ஏட்டைக் கோட்டின் உட்பையில் போட்டுப் பொத்தானையும் மாட்டிவிடுவார். இரண்டடி தள்ளி நிற்பவரும் அதே குதிரையைப் பற்றி அதே வாக்கியத்தை எழுதிக்கொண்டிருப்பதை அவர் கவனிப்பதில்லை.

பட்டியல்காரரின் புலமை முழுமையாக வெளிப்படுவது குதிரையின் ‘ஃபார்ம்’ எனப்படும் முன்னோட்டக் குறிப்பை வாசிக்கும்போதுதான். ஒவ்வொரு குதிரையின் பெயருக்கு அருகிலும் அது கடைசியாக ஓடிய ஓட்டங்களின் முடிவுகள் ஒரு சிறு வரிசையாக அச்சிடப்பட்டிருக்கும். 1 முதல் 9 வரை வந்த இடத்தையும், சுழியம் அதற்கும் பின்னால் வந்ததையும், எஃப் என்ற எழுத்து விழுந்ததையும், யு ஜாக்கி சேணத்திலிருந்து தூக்கியெறியப்பட்டதையும், பி பாதியிலேயே நிறுத்தப்பட்டதையும் குறிக்கும். மூன்று, எஃப், பி, இரண்டு என்றொரு வரிசையைக் கண்ட சாதாரண மனிதர், இந்தக் குதிரை ஒருமுறைகூட வெல்லவில்லை, ஒருமுறை விழுந்தும் இருக்கிறது என்று முடிவுகட்டிப் பக்கத்தைத் திருப்பிவிடுவார். பட்டியல்காரரோ நாற்காலியை விளக்கருகே இழுத்துப் போட்டுக்கொள்வார். மூன்றாவதாக வந்தது பயிற்சிக்காக, விழுந்தது வென்றுகொண்டிருக்கும்போது, நிறுத்தப்பட்டது தரை காய்ந்திருந்ததால், இரண்டாவதாக வந்தது, வென்றால் அடுத்த முறை சுமை கூடும் என்பதை லாயத்தார் அறிந்திருந்ததால். பி என்ற எழுத்தில் அவருக்குக் கூடுதலான ஒரு வசதியும் உண்டு. ஃபில் புல் என்பவர் 1948-இல் தொடங்கிய ‘டைம்ஃபார்ம்’ என்னும் மதிப்பீட்டு நிறுவனம், இன்னும் முன்னேறக்கூடிய குதிரையின் மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் சிறிய பி-யையும், மிகவே முன்னேறக்கூடியதற்குப் பெரிய பி-யையும் இடுவது வழக்கம். ஒரே எழுத்து ஓரிடத்தில் நிறுத்தப்பட்டதையும் மற்றோரிடத்தில் இனிமேல்தான் இருக்கிறது என்பதையும் குறிப்பதால், பட்டியல்காரர் முதலாவதைக் காணும்போதெல்லாம் இரண்டாவதாகவே வாசிக்கப் பழகிவிட்டார்.

நேர்மையாகச் சொன்னால் இந்த வாசிப்பு எப்போதும் பிதற்றல் அன்று. 2022 மார்ச் மாதச் செல்ட்டனம் பந்தய விழாவில் கலோப்பன் தே ஷாம் என்ற குதிரை வெகுதூரம் முன்னால் ஓடிவந்து கடைசி வேலியில் விழுந்தது. அதன் ஏட்டில் எஃப் விழுந்தது. அதே குதிரை 2023-லும் 2024-லும் தடைதாண்டும் குதிரைகளின் தலைமைப் பந்தயமான செல்ட்டனம் கோல்டு கப்பை வென்றது. ஆனி பவர் என்ற பெண்குதிரை 2015-இல் அதே விழாவில், தன் லாயத்தைச் சேர்ந்த மூன்று குதிரைகள் அன்றைக்கே வென்றிருக்க, நான்காவது வெற்றியை எட்டிவிட்ட நிலையில் கடைசித் தடையில் விழுந்து, பணம் கட்டியவர்களைக் கண்ணீரிலும் புக்கிகளைப் பரவசத்திலும் ஆழ்த்தியது. மறு ஆண்டே அது ‘சாம்பியன் ஹர்டில்’ என்னும் பந்தயத்தை வென்றது. ஆகவே விழுந்த குதிரை எழும் என்பது மெய்தான். பட்டியல்காரரின் தருக்கத்தில் இருக்கும் சிறு ஓட்டை, எழுந்த இரண்டு குதிரைகளை வைத்து விழுந்த குதிரைகள் அனைத்தையும் பட்டியலில் சேர்ப்பதுதான். பத்துக் குதிரை என்று தொடங்கும் பட்டியல் டிசம்பருக்குள் நாற்பதைத் தொட்டுவிடுகிறது. விழாவின் நான்கு நாள்களில் 28 ஓட்டங்கள் நடக்கின்றன என்பதைக் கருத்தில் கொண்டால், நாற்பதில் ஒன்றேனும் வெல்லாமற்போக மிகுந்த துரதிர்ஷ்டம் வேண்டும்.

சுமையைப் பற்றிய அவரது ஐயம் தனி ஆய்வுக்குரியது. ‘ஹேண்டிகேப்’ என்னும் ஓட்டத்தில் திறமை மிக்க குதிரைக்கு அதிக எடையும் குறைந்ததற்குக் குறைந்த எடையும் ஏற்றி எல்லாவற்றையும் சமநிலைக்குக் கொண்டுவர ஓர் அதிகாரி இருக்கிறார். புதிய குதிரை ஒன்று பொதுவாக மூன்று முறை ஓடிய பிறகே அவர் அதற்கொரு மதிப்பெண் தருவார். அந்த மூன்று ஓட்டங்களிலும் முழுத்திறனைக் காட்டாமல் ஓட்டுவது விதிப்படி குற்றம். அதனால் பட்டியல்காரர் யார்மேலும் குற்றம் சாட்டுவதில்லை. மூன்று ஓட்டங்களில் எட்டாவது, ஒன்பதாவது, எட்டாவது என்று வந்த குதிரையைச் சுட்டிக்காட்டி, ஒரு கண்ணை மட்டும் லேசாக மூடித் திறப்பார். உலகில் உண்மையிலேயே மெதுவாக ஓடும் குதிரைகளும் உண்டு என்ற கருத்தை அவர் முன் வைத்தால், உலகம் தெரியாத பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்.

ஓட்டத்துக்கு முன் குதிரைகளை நடத்திக் காட்டும் வளையத்தின் ஓரத்தில் நிற்கும் பட்டியல்காரர், பெண்ணைப் பெற்ற வீட்டுக்காக வரன் பார்க்கப் போன பெரியவரின் நிதானத்தை மேற்கொள்கிறார். தகப்பன் யார், தாய் யார், தாயின் உடன்பிறந்தவை என்ன சாதித்தன என்பதெல்லாம் முன்பே விசாரித்தாயிற்று. மிச்சம் ஆளைப் பார்ப்பதுதான். ‘ஹர்டில்’ என்னும் தட்டித்தடை குறைந்தது மூன்றரை அடி உயரம், மோதினால் சாய்ந்து கொடுக்கும். ‘சேஸ்’ ஓட்டத்து வேலியோ நாலரை அடிக்குக் குறையாதது, எளிதில் மன்னிக்காதது. ஆகையால் தட்டியில் தோற்கும் நெடிய, எலும்பு பெருத்த, இன்னும் சதை பிடிக்காத குதிரையைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்துவிடும். “வேலிக்குப் பிறந்த குதிரை” என்பார். தட்டியில் தோற்பது அவர் கணக்கில் வேலிக்கான தகுதிச் சான்றிதழ். வேலியிலும் தோற்றால், அது நெடுந்தூரத்துக்குப் பிறந்த குதிரையாகிவிடும். நெடுந்தூரத்திலும் தோற்றால், நான்கு மைலுக்கு மேல் ஓடும் கிராண்ட் நேஷனல் பந்தயம் இருக்கவே இருக்கிறது.

பயிற்சியாளர்கள் இலையுதிர்காலத்தில் பத்திரிகைக்காரர்களை லாயத்துக்கு அழைத்து ஒவ்வொரு குதிரையைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்வது மரபு. கோடையை நன்றாகக் கழித்தது, உடம்பு தேறியிருக்கிறது, வீட்டில் அழகாகத் தாண்டுகிறது என்பவை அங்கு வழங்கும் சொற்கள். குதிரையின் சொந்தக்காரரும் அந்தப் பத்திரிகையை வாசிப்பார், மாதாமாதம் தீவனச் செலவும் பயிற்சிச் செலவும் கட்டுபவர் அவரே என்பதையெல்லாம் பட்டியல்காரர் நன்கறிவார். அறிந்தும் இந்த வாக்கியங்களை வெட்டி ஏட்டில் ஒட்டிக்கொள்வார்.

தரையைப் பற்றி ஒரு சொல். மண் எவ்வளவு ஈரம் என்பதைக் கனத்தது, மென்மையானது, நல்லது, இறுகியது என்று படிகளாக வகுத்து அறிவிக்க அதிகாரிகள் இருக்கிறார்கள். அதற்குக் கருவியும் இருக்கிறது. பட்டியல்காரர் அறிவிப்பைக் கேட்டுவிட்டுத் தடுப்புக்கம்பியோரப் புல்லில் குதிகாலை ஊன்றி அரைவட்டம் திருகி, மிதிபட்ட இடத்தைக் குனிந்து பார்த்துவிட்டுத் தலையை அசைப்பார். அந்த அசைப்பு ஒப்புதலா மறுப்பா என்று ஓட்டம் முடியும்வரை யாருக்கும் தெரியாது. முடிந்த பின் அவரே சொல்லுவார்.

பணவிஷயத்தில் இவர் எவரையும் கவலைப்படுத்துவதில்லை, ஏனெனில் ஐந்து பவுண்டுக்கு மேல் கட்டுவது அபூர்வம். அதையும் பந்தய நாளன்று கட்டமாட்டார். மாதக்கணக்கில் முன்னதாக, குதிரை யாருக்கும் தெரியாதபோது, முப்பத்து மூன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் கட்டுவார். ‘ஆன்ட்டி-போஸ்ட்’ எனப்படும் இந்த முன்கூட்டிய பந்தயத்தில், குதிரை அன்று ஓடாவிட்டால் பொதுவாகக் கட்டிய பணம் போனது போனதுதான். தடைதாண்டும் குதிரையின் முன்காலில் பின்புறமாக இறங்கும் தசைநாண் சிதைந்தால் ஒரு பருவம் முழுதுமே வீணாகிவிடும் என்பதால், இவருடைய டிக்கெட்டுகளில் பாதி ஜனவரியிலேயே காகிதமாகிவிடுகின்றன. அப்போதும் அவர் தளர்வதில்லை. காயம்படுவதற்கு முன் அந்தக் குதிரையின் விகிதம் ஐந்துக்கு ஒன்றாக இறங்கியிருந்தது. முப்பத்து மூன்றில் வாங்கியவர் அவர். குதிரை வைக்கோலில் கட்டுப்போட்ட காலோடு நிற்க, இவர் அந்தப் பேரத்தில் தாம் ஜெயித்ததாகவே காண்போருக்கெல்லாம் விளக்குகிறார். அவர் தேடும் கூலி பணமன்று. ‘அக்டோபரிலேயே சொன்னேன்’ என்ற இரண்டு சொற்களை மார்ச்சில் உரத்துச் சொல்லும் உரிமைதான்.

அந்த உரிமைக்குப் பேரிடியாக வந்தது 1990-ஆம் ஆண்டுக் கோல்டு கப். வேல்ஸ் நாட்டுப் பால்பண்ணைக்காரர் சிரெல் கிரிஃபித்ஸ், பந்தய நாள் காலையில் வழக்கம்போல் மாடுகளைக் கறந்துவிட்டுத் தம் குதிரை நார்ட்டன்ஸ் காயினோடு செல்ட்டனம் வந்தார். நூற்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் இருந்த அக்குதிரை, மக்கள் தெய்வமாகக் கொண்டாடிய டெசர்ட் ஆர்க்கிட் மூன்றாவதாக வர, வென்றது. அன்றைய பட்டியல்களில் அதன் பெயரைத் தேடுவது குதிரைக்கொம்பைத் தேடுவதற்கு ஒப்பாகும். ஆனால் இன்று அறுபது வயதைத் தாண்டிய பட்டியல்காரர்களிடம் விசாரித்தால், அதை ஓரத்தில் குறித்து வைத்திருந்ததாகச் சொல்பவர்கள் வியப்பூட்டும் அளவுக்குப் பெருகியிருக்கிறார்கள். அந்த ஏடு மட்டும் வீடு மாறும்போது தொலைந்துவிட்டது.

இதெல்லாம் அதிர்ஷ்டம்தானே என்று கேட்பவர்மேல் அவருக்குக் கடுங்கோபம் வரும். சென்னை கிண்டிப் பந்தயம் தொடர்பான வழக்கில், குதிரைப் பந்தயம் முதன்மையாகத் திறமையைச் சார்ந்த ஆட்டமே என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்ததை அவர் அறியார்; அறிந்திருந்தால் தீர்ப்பின் நகலைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டு வரவேற்பறையில் மாட்டியிருப்பார், கிண்டி எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்கக்கூட மாட்டார்.

ஏப்ரல் கடைசியில் சேண்டவுன் திடலில் பருவத்தின் இறுதி ஓட்டம் முடிந்ததும் களையெடுப்பு நடக்கிறது. மூன்று ஆண்டுகளாக அடுத்த ஆண்டு, அடுத்த ஆண்டு என்று காப்பாற்றப்பட்டுவந்த நெடிய குதிரை ஒன்றின் பெயரைப் பட்டியல்காரர் கனத்த மனத்தோடு அடித்துவிடுகிறார். ஜூன் மாத மாலையொன்றில், ஸ்ட்ராட்ஃபோர்டு போன்ற சிறு திடலில், கூட்டமில்லாத ஓட்டத்தில், இருபதுக்கு ஒன்று விகிதத்தில் அது வென்றுவிட்டதாகச் செய்தி வருகிறது. அவர் அலமாரியிலிருந்து அழிப்பானை எடுத்து, அடித்த கோட்டை மட்டும் பொறுமையாக அழித்து, பெயருக்கு எதிரே சரி என்று ஒரு குறியிடுகிறார். பின்பு அந்த ஆண்டுக்குரிய வெற்றிக் கணக்கில் ஒன்றைக் கூட்டிக்கொள்கிறார்.