24 வேணுமா, மருமவனே?

வாய்யா மருமவனே, உக்காரு. மூஞ்சியைப் பாத்தா புதுக் கார் வாங்குனவன் மூஞ்சியா தெரியலையே. அக்கா எல்லாம் சொல்லுச்சு. ஷோரூம்ல கண்ணாடியில ஒட்டியிருந்த தாள்ல லிட்டருக்கு 24-ன்னு போட்டிருந்தானாம். மெட்ராஸ்ல ஓட்டுனா 14 தான் தேறுதாம். நாலுவழிச் சாலையில ஊருக்கு வந்தா 18-ஆம். செல்போன்ல தனிக் கணக்கு வச்சு, பங்க்ல பெட்ரோல் போடும்போதெல்லாம் பதிஞ்சு பதிஞ்சு பெருமூச்சு விடுறியாமே. கணக்கு வைக்கிறது நல்ல பழக்கம்தான். கார் வாங்குன கடனுக்கும் வட்டிக்கும் இப்பிடி ஒரு கணக்கு வச்சேன்னா, பெருமூச்சுக்கு இன்னும் நல்ல காரணம் கிடைக்கும்.

கவலையை விடு. அந்த 24-ஐ வாங்கித் தர்றது மாமன் பொறுப்பு. சாத்தூர்த் தீப்பெட்டி லோடு ஏத்திக்கிட்டு நாக்பூர் வரைக்கும் லாரி ஓட்டுனவன்யா நான். அது போதாதுன்னு, நீ காலேஜ் முடிச்சு பரண்ல போட்டுட்டுப் போன மெக்கானிக்கல் இன்ஜினியரிங் பொஸ்தகத்தையெல்லாம் இறக்கி வாசிச்சிருக்கேன். தாளோட தாள் ஒட்டிக் கிடந்துச்சு. நீ ஒரு பக்கமும் பிரிக்கலைங்கிறதுக்கு வேற சாட்சி வேண்டாம். பரவாயில்லை, சாப்ட்வேர்ல சோலி பாக்கிறவனுக்கு இன்ஜின் எதுக்கு?

மொதல்ல அந்த 24 பொறந்த இடத்தைப் பாப்போம். அது ரோட்டுல பொறக்கலை, ரூமுக்குள்ள பொறந்துச்சு. புனேயில அராய்னு ஒரு வண்டி ஆராய்ச்சி நிலையம், 1966-ல இருந்து இருக்கு. ஒரகடத்துலயும் ஒரு சோதனைச்சாலை இருக்கு, உன் வீட்டுல இருந்து ஒரு மணி நேரம். அங்க வண்டியை உருளை மேல ஏத்தி நிறுத்துவாங்க. சக்கரம் சுத்தும், வண்டி நகராது. எப்ப எடுக்கணும், எந்த வேகம், எப்ப நிறுத்தணும்னு எல்லாமே முன்கூட்டி எழுதி வச்ச அட்டவணை. 20 நிமிசத்துல சோதனை முடிஞ்சிரும். ஓடுற தூரம் 11 கிலோமீட்டர்கூட வராது. சராசரி வேகம் மணிக்கு 32-ஐ ஒட்டி இருக்கும். உச்ச வேகம் 90, அதுவும் கொஞ்ச நேரம்தான். ஏசி கிடையாது. பக்கத்துல பொண்டாட்டி கிடையாது, அதனால கோவத்துல மிதிக்கிற மிதியும் கிடையாது.

மாட்டுச் சந்தையில தரகன் காளையை நடத்திக் காட்டுவான், பாத்திருக்கியா? நுகத்தடி இருக்காது, பாரம் இருக்காது, சமதரையா இருக்கும், முன்னால ஒருத்தன் புல்லைக் காட்டிக்கிட்டே போவான். அந்த நடை நெசமான நடைதான், அதுல பொய் இல்லை. நீதான் அதை ஓட்டிட்டு வந்து கல்லு வண்டியில பூட்டிட்டு, சந்தையில நடந்த நடை எங்கேன்னு காளைகிட்டக் கேக்குறே.

நம்பரையே திருத்துன கதையும் உண்டு, இல்லைங்கலை. ஜப்பான்ல மிட்சுபிஷி 2016-ல மைலேஜ் சோதனையில தில்லுமுல்லு பண்ணுனதா தானே ஒத்துக்கிட்டான். அமெரிக்காவுல ஹூண்டாயும் கியாவும் 2012-ல ஒட்டுன நம்பரைக் குறைச்சு எழுதி, 2014-ல 10 கோடி டாலர் அபராதம் கட்டுனாங்க. அது களவு. உன் கதை அது இல்லை. உன் வண்டி சொன்னது சொன்னபடி குடுக்கும், சொன்ன இடத்துல ஓட்டுனா.

இப்ப வைத்தியத்துக்கு வருவோம். மொதக் காரியமா ஏசியை அணைச்சிரு. கத்திரி வெயில்ல, பக்கத்துப் பக்கத்துல போயிட்டு வர்ற சின்ன ஓட்டத்துக்கு, மைலேஜ்ல கால் பங்கு வரைக்கும் ஏசியே முழுங்கிரும். ஆகவே கண்ணாடியை இறக்கி விட்டுட்டு, கத்திப்பாராவுல புகையைக் குடிச்சுக்கிட்டே போ. ஆபீஸ்ல சட்டை நனைஞ்சு நிக்கிறப்போ யாரும் கேட்டா, லிட்டருக்கு ரெண்டு கிலோமீட்டர் மிச்சம்னு சொல்லு. உன்னை மேனேஜர் ஆக்குனாலும் ஆக்கிருவாங்க.

அடுத்தது சிக்னல். இது கொஞ்சம் ஆழமான சங்கதி, காது குடுத்துக் கேளு. 1,100 கிலோ வண்டியை நிக்கிற நிலையில இருந்து 50 கிலோமீட்டர் வேகத்துக்குக் கிளப்ப, பத்துப் பதினஞ்சு மில்லி பெட்ரோல் போகுது. லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டிக் கிடக்குற காலத்துல அது ஒரு ரூபாய்க்கு மேல. வேகம் எடுத்து முடிக்கிறதுக்குள்ள அடுத்த சிக்னல் சிவப்பு. பிரேக்கை மிதிக்கிறே, அந்த ஒரு ரூபாய் பிரேக் தட்டுல சூடாகிக் காத்தோட போயிருது. மறுபடி கிளப்பு, மறுபடி ஒரு ரூபாய். கிண்டியில இருந்து தாம்பரம் போறதுக்குள்ள எத்தனை தடவைன்னு உன் செல்போன் கணக்குல ஏத்தி வை. நின்னுக்கிட்டு இன்ஜினை ஓட விட்டா மணிக்கு அரை லிட்டருக்கு மேல தனியா போகும். அந்த நேரத்துல உன் மைலேஜ் லிட்டருக்கு முட்டை. ஆகவே ராத்திரி மூணு மணிக்கு ஆபீஸுக்குக் கிளம்பு, எல்லாச் சிக்னலும் மஞ்சள்ல கண்ணடிக்கும். காவலாளி கேட்டைத் திறக்க மாட்டான், அது வேற பிரச்சினை.

இந்தப் பிரேக் காசைத் திரும்பப் பிடிக்கத்தான் ஹைபிரிட்னு ஒண்ணு வந்திருக்கு. பிரேக் போடுறப்போ வர்ற சக்தியைப் பிடிச்சு பேட்டரிக்குள்ள போட்டு, அடுத்த கிளப்புக்கு எடுத்துக் குடுக்கும். கிராண்ட் விட்டாரா ஹைபிரிட்டுக்கு 27.97-ன்னு தாள்ல போட்டிருக்கான். மெட்ராஸ் நெரிசல்ல அதுக்கு நல்ல மவுசு. நாலுவழிச் சாலையில பிரேக்கே போடாம வந்தா, பிடிக்க என்ன இருக்கு? அப்ப வித்தியாசம் சுருங்கிரும். அதுபோக, கூடுதலாக் குடுக்குற லட்சங்களைப் பெட்ரோல்ல மிச்சம் பிடிக்கிறதுக்குள்ள உனக்குத் தலை நரைச்சிரும்.

சரி, நாலுவழிச் சாலைக்கு வா. அங்க வைத்தியம் இன்னும் சுலுவு: வலது கால்ல ஒரு செங்கல்லைக் கட்டாதே, அவ்வளவுதான். திருச்சி தாண்டுனதும் 120-ல பறக்குறியாமே. அங்க உன் பெட்ரோலைத் திங்கிறது வண்டி இல்லை, காத்து. வேகம் ரெட்டிச்சா காத்து தள்ளுற பலம் நாலு மடங்கு ஆகும்னு உன் பொஸ்தகத்துலயே போட்டிருக்கு. ஒரு சின்னக் காருக்கு நான் கணக்குப் போட்டுப் பாத்தேன். 80-ல போனா காத்து பிடிச்சு இழுக்குறது சுமாரா 21 கிலோ பாரம். 100-ல 33 கிலோ. 120-ல 48 கிலோ. இது சும்மா நிக்கிற காத்துக்கு. ஆடி மாசம் கயத்தாறு பக்கம் காத்தாடியெல்லாம் தலைதெறிக்கச் சுத்துமே, அந்த மேல்காத்து மணிக்கு 20 கிலோமீட்டர்ல எதுக்க வந்தா, நீ 100-ல போனாலும் காருக்கு அது 120. மேல கேரியரை மாட்டி மூட்டையையும் கட்டிக்கிட்டேன்னா சொல்லவே வேண்டாம்.

சென்னையில இருந்து இங்க வர்ற தூரம் 550 கிலோமீட்டரை ஒட்டி. 120-க்குப் பதிலா 85-ல வந்தா ரெண்டு மணி நேரத்துக்குள்ளதான் வித்தியாசம் இருக்கும், மைலேஜ் 18-ல இருந்து 21, 22-க்கு ஏறும். அந்த ரெண்டு மணி நேரத்துல இங்க வந்து நீ என்ன செய்யப் போறே? செல்போனைப் பாத்துக்கிட்டுப் படுத்திருப்பே.

இப்ப கேள், இன்னும் நல்லா இன்ஜின் செஞ்சா 50 குடுக்காதா, 100 குடுக்காதான்னு. எல்லாப் பயலும் கேக்குறதுதான். ஒரு லிட்டர் பெட்ரோலுக்குள்ள இருக்குற சக்தி சுமாரா 9 யூனிட். கரண்டு பில்லுல வருதே, அதே யூனிட். 100 கிலோமீட்டர் வேகத்துல காத்தையும் டயர் உராய்வையும் தள்ளிக்கிட்டு ஒரு கிலோமீட்டர் போக, சக்கரத்துல 0.12 யூனிட் வேணும். வகுத்துப் பாரு: 75 வரும். அதாவது ஒரு பொட்டுச் சக்தியும் வீணாக்காத தெய்வ இன்ஜினை மேலோகத்துல இருந்து இறக்கி மாட்டுனாலும், அந்த வேகத்துல உன் கார் 75-ஐத் தாண்டாது. நம்மகிட்ட இருக்குறது தெய்வ இன்ஜின் இல்லை. எரிச்சு ஓட்டுற எந்த இன்ஜினும் சூட்டுல ஒரு பங்கை வெளிய விட்டே ஆகணும்னு 1824-லயே சாடி கார்னோங்கிற பிரெஞ்சுக்காரன் எழுதி வச்சிட்டான். டொயோட்டாக்காரன் பிரியஸ் வண்டியில 40 சதவீதத்தைத் தொட்டதையே உலகம் வாயைப் பிளந்து பாத்துச்சு. அதுவும் இன்ஜின் தனக்குப் பிடிச்ச வேகத்துல, பிடிச்ச பாரத்துல ஓடுறப்போ. உன் வண்டிக்கு நல்ல ரோட்டுல 30-ன்னு வச்சா, 75-ல அது 22. மிச்சமெல்லாம் ரேடியேட்டர் வழியாவும் சைலன்சர் வழியாவும் ஊரைச் சூடாக்கப் போகுது. ஊர்ச் சூட்டுக்கு ஏசி போட்டு, அதுக்கும் பெட்ரோல் ஊத்துறே.

100 குடுத்த காரும் உண்டு, மறைக்கலை. ஜெர்மன்காரன் ஃபோக்ஸ்வேகன், எக்ஸ்எல் 1-ன்னு பேரு வச்சுச் செஞ்சான். 100 கிலோமீட்டருக்கு 0.9 லிட்டர் டீசல். அந்தக் கணக்குல வீட்டுல ஏத்துன கரண்டும் சேர்ந்திருக்கு. ரெண்டே பேர் உக்காரலாம், எடை 795 கிலோ, உடம்பெல்லாம் கார்பன் நார், பின் சக்கரத்துக்கு மூடி, பக்கக் கண்ணாடிக்குப் பதிலா கேமரா. செஞ்சது மொத்தம் 250 வண்டி, விலை ஒரு லட்சம் யூரோவுக்கு மேல. நீ, உன் பொண்டாட்டி, ரெண்டு பிள்ளை, உங்க அம்மா ஏத்தி விடுற அரிசி மூட்டை: இதுல யாரை விட்டுட்டுப் போறதுன்னு வீட்டுல கேட்டு முடிவு பண்ணு.

பெட்ரோல் குழாயில மாட்டுற காந்தம், டேங்க்ல போடுற மாத்திரைன்னு எவனாவது வந்தா திண்ணையோட அனுப்பிரு. அமெரிக்க அரசாங்கத்தோட சுற்றுச்சூழல் நிறுவனம் இந்த மாதிரி சாமானை நூத்துக்கு மேல பரிசோதிச்சுப் பாத்துட்டு, சொல்லிக்கிற மாதிரி மைலேஜைக் கூட்டுன சாமான் ஒண்ணுமில்லைன்னு கையை விரிச்சிருக்கு. நம்ம பக்கத்துலயே 1996-ல மூலிகைப் பெட்ரோல்னு நாடே ஆடுச்சு. அந்தத் தழையில இன்னைக்கு வரைக்கும் ஒரு வண்டியும் ஓடலை.

இன்னொண்ணு. 2009-ல நானோ வந்துச்சே, 600 கிலோ, 624 சிசி, தாள்ல போட்டது 23.6. 2024-ல வந்த டிசையர் 900 கிலோவுக்கு மேல, இன்ஜினும் ரெட்டைக்குக் கிட்ட. அதுக்குத் தாள்ல 24.79. ஆக இன்ஜின்காரன் தூங்கலை மருமவனே, ராப்பகலா உழைச்சிருக்கான். அவன் சேத்து வச்சதையெல்லாம் ஏர்பேக்கு, அகல டயரு, பெரிய டிவின்னு நாம வாங்கித் தின்னுட்டோம். ஏர்பேக்கு உசிரைக் காக்கும், அதைக் குறை சொல்லலை. டிவி என்னத்துக்கு? என் லாரி லிட்டருக்கு 4 தான் குடுத்துச்சு. ஆனா அந்த 4-ல பத்து டன் சாமான் போச்சு. நீ 70 கிலோ ஆளை ஆபீஸுக்கு அனுப்ப ஒரு டன் இரும்பைக் கூடவே இழுத்துட்டுப் போறே, என்னைப் பாத்துச் சிரிக்க வேற செய்றே.

போதாக்குறைக்கு இப்ப பங்க்ல ஊத்துறது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. லிட்டருக்கு லிட்டர் பாத்தா எத்தனால்ல மூணுல ஒரு பங்கு சக்தி குறைவு. அந்த வகையில நூத்துக்கு ஆறு, ஏழு போகும். மனுசனைத் தள்ளாட வைக்கிற சரக்கை டேங்க்ல ஊத்திட்டு, மைலேஜ் மட்டும் நேரா நிக்கணும்ங்கிறே.

ஆகவே தாள்ல இருக்குறது 24-ன்னா, ஊருக்குள்ள 14, 15; நிதானமா ஓட்டுனா வெளிய 20-க்கு மேல. அதுதான் உன் வண்டி. டயர்ல காத்தை மாசம் ரெண்டு தடவை பாரு, டிக்கியில கிடக்குற பழைய சாமானை இறக்கு, டேங்க் ஃபுல் பண்ணி மறுபடி ஃபுல் பண்ணுற கணக்கை மட்டும் நம்பு. டேஷ்போர்டு காட்டுற நம்பர் கொஞ்சம் உன்னைக் குஷிப்படுத்தப் பாக்கும்.

குற்றாலத்துல சாரல் விழுதாம்யா. ஞாயித்துக்கிழமை உன் வண்டியை எடுத்துட்டு வா, உங்க அத்தையும் வர்றா. சங்கரன்கோவில் தாண்டுனா மேல்காத்து எதுக்க வீசும், அத்தைக்கு ஏசி இல்லாம ஆகாது, வர்றப்போ ஒரு மூட்டை மாம்பழமும் ஏத்தணும். 15-க்கு மேல குடுக்காது. டேங்க்கை நிரப்பிட்டு வா; காசு உன்னுது.