வாங்கினால் குறையும்

கேள்வி: 'ஆக்சிஜனேற்றி ஒடுக்கமடையும்' என்கிறது என் மகனின் வேதியியல் புத்தகம். அச்சுப்பிழையா?
- ஒரு வாசகர், பிளவக்கல்

பதில்: பிழையே இல்லை. பிளவக்கல் அணையிலிருந்து இறங்கி சிவகாசிப் பக்கம் போய் ஒரு தீப்பெட்டி வாங்குங்கள். குச்சி முனையில் பொட்டாசியம் குளோரேட் இருக்கிறது. பெட்டியின் பக்கவாட்டுப் பட்டையில் சிவப்பு பாஸ்பரஸ். உரசினால் பாஸ்பரஸ் எலக்ட்ரான்களைப் பறிகொடுத்து ஆக்சிஜனேற்றம் அடையும். பறித்தது குளோரேட்; அதுதான் ஆக்சிஜனேற்றி. அதற்குள் இருக்கும் குளோரின் ஆறு எலக்ட்ரான்களைச் சுருட்டிக்கொண்டு ஆக்சிஜனேற்ற எண்ணில் +5-இலிருந்து -1-க்கு இறங்கிவிடும்; இந்த இறக்கம்தான் ஒடுக்கம்.

வாங்கியும் எப்படிக் குறையும்? எலக்ட்ரானுக்கு எதிர் மின்சுமை ஐயா. வாங்க வாங்கக் கணக்கு இறங்கத்தான் செய்யும், கடன்காரரைக் கேளுங்கள்.

உங்கள் வீட்டு இரும்புக் கேட்டிலும் இதே கொடுக்கல் வாங்கல்தான். இரும்பு கொடுக்கிறது, காற்றிலுள்ள ஆக்சிஜன் வாங்குகிறது. ஐப்பசி மழையில் வியாபாரம் இன்னும் சூடுபிடிக்கும், பெயின்ட் அடித்துவிடுங்கள்.